நானூறு ஊராட்சிகளை ஒட்டிய வட்டாரங்களாகச் சேர்க்க எந்த முறை நல்லது?

நெய்தல்

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் 2,500 கிராமுக்குக் குறைவான எடையுடன் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தரவு ஊராட்சிவாரியாகக் கிடைத்திருக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். பலவற்றில் ஆண்டுக்கு இருபது பிறப்புகள்கூட இல்லை. அதை அப்படியே வரைபடமாக்கினால் ஓர் ஊர் வெள்ளை, அடுத்த ஊர் கடுஞ்சிவப்பு, அதற்கடுத்தது மறுபடி வெள்ளை. ஒன்றியவாரியாகக் கூட்டினால் பதினோரு அலகுகள்தான் மிஞ்சுகின்றன. கடலாடி ஒன்றியத்தையே பாருங்கள்: கடற்கரை மீனவ ஊர்களும் உள்ளே இருக்கும் வானம்பார்த்த விவசாய ஊர்களும் ஒரே சராசரிக்குள் கரைந்துவிடுகின்றன.

இடைப்பட்ட அளவில் வட்டாரங்கள் வேண்டும். ஒரு வட்டாரத்துக்குள் இருக்கும் ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும், தன்மையில் ஓரளவு ஒத்திருக்க வேண்டும், நம்பத்தக்க விகிதம் கணக்கிடும் அளவுக்குப் பிறப்புகளும் இருக்க வேண்டும். தன்மையில் ஒத்தவற்றை ஒரே குழுவில் போடும் கே-மீன்ஸ் முறையில் குழுக்கள் பிரித்தபோது ஒரே குழுவின் ஊர்கள் மாவட்டம் முழுக்கச் சிதறின. அட்சரேகை, தீர்க்கரேகையையும் மாறிகளாகச் சேர்த்தால் சிதறல் குறைகிறது, ஆனாலும் துண்டுகள் விழுகின்றன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

வரைபடக்காரன்

கே-மீன்ஸுக்கு அண்டை ஊர் என்பதே தெரியாது. ஆயத்தொலைவுகளைச் சேர்ப்பதால் அருகில் இருப்பவற்றின் மீது அதற்கு ஒரு சாய்வு வருமே தவிர, தொடர்ச்சிக்கு உறுதி கிடைக்காது. அந்தச் சாய்வுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதையும் நீங்களே குத்துமதிப்பாக முடிவு செய்ய வேண்டியிருக்கும். தொடர்ச்சியை நிபந்தனையாகவே வைக்கும் முறைகளுக்கு வாருங்கள்.

முதலில் ஸ்கேட்டர். பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் அசுன்சாவ், நெவெஸ், கமாரா, ஃப்ரெய்தாஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட முறை. ஒவ்வோர் ஊரும் ஒரு புள்ளி. எல்லை தொடும் இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு கோடு. அவை தன்மையில் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அதுவே அந்தக் கோட்டின் எடை. எல்லாப் புள்ளிகளையும் வளையமில்லாமல், மொத்த எடை மிகக் குறைவாக வரும்படி இணைத்தால் ஒரு மரம் கிடைக்கும். நானூறு ஊர்களுக்கு 399 கோடுகள். அந்த மரத்தில் ஒரு கோட்டை வெட்டினால் இரண்டு துண்டு; ஒன்பது கோடுகளை வெட்டினால் பத்து வட்டாரங்கள். எங்கே வெட்டினால் உள்வேறுபாடு, அதாவது ஒரே துண்டுக்குள் இருக்கும் ஊர்களுக்கு இடையிலான வேறுபாடு, மிகவும் குறைகிறதோ அங்கே வெட்டும். மரத்தை எங்கே வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் தொடர்ச்சியாகத்தான் இருக்கும் என்பதால், தொடர்ச்சியைத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஜியோடா மென்பொருளில் பட்டியலிலேயே இருக்கிறது, இலவசம். ஆர் மொழியிலும் பைத்தானிலும் இதற்கான நிரல்கள் உள்ளன.

எண்மதி

ஸ்கேட்டரின் அழகை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெய்தலின் தரவுக்கு அதை அப்படியே பரிந்துரைக்க மாட்டேன். உள்வேறுபாட்டை அதிகம் குறைக்கும் வெட்டு எது? பெரும்பாலும், விபரீத மதிப்புள்ள ஒற்றை ஊரைத் தனியே கழற்றிவிடும் வெட்டுதான். பத்து வட்டாரங்கள் கேட்டால், முந்நூற்று எண்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் கொண்ட ஒரு ராட்சத வட்டாரமும் அதைச் சுற்றி ஓரிரு ஊர்கள் கொண்ட ஒன்பது சில்லறைகளும் வரக்கூடும். விபரீத மதிப்பு எங்கே வரும்? பிறப்பு குறைவான சிறிய ஊரில். எந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்க வட்டாரம் போடுகிறோமோ, அதே சிக்கல் வட்டாரத்தின் வடிவத்தைத் தீர்மானித்துவிடும். குறைந்தபட்ச அளவு ஒன்றை நிபந்தனையாகக் கொடுத்தால் இது கட்டுப்படும். அதைக் கொடுக்காமல் ஓட்டாதீர்கள்.

இன்னொரு குறை: மரத்தை ஒருமுறை கட்டிவிட்டால், மரத்தில் இடம்பெறாத எல்லைகள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகின்றன. 2008இல் தியான்ஷெங் குவோ முன்வைத்த ரெட்கேப் முறைகளில் சில இதைச் சரிசெய்கின்றன: இரண்டு குழுக்களை இணைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும், அவற்றின் எல்லா உறுப்புகளையும் பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன.

உங்கள் தேவைக்கு நேராகப் பொருந்துவது மேக்ஸ்-பி. டூக்கே, ஆன்செலின், ரே மூவரும் 2012இல் வெளியிட்டது. இதில் எத்தனை வட்டாரம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். ஒரு வட்டாரத்தில் குறைந்தது எத்தனை பிறப்புகள் என்று சொன்னால் போதும். அந்த வரம்புக்கு உட்பட்டு எத்தனை வட்டாரங்கள் அதிகபட்சம் முடியுமோ அத்தனை போட்டுவிட்டு, பிறகு உள்வேறுபாட்டைக் குறைக்கும்.

வரம்பை எப்படி வைப்பது? உண்மையான விகிதம் 15 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பிறப்புகள் உள்ள ஊரில் திட்டப் பிழை, அதாவது தற்செயலால் மட்டுமே வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு, ஏறத்தாழ 8 விழுக்காட்டுப் புள்ளிகள். 500 பிறப்புகள் என்றால் 1.6. எவ்வளவு சிறிய வேறுபாட்டை நீங்கள் பார்க்க விரும்புகிறீர்களோ அதுவே வரம்பைச் சொல்லிவிடும்.

தாமிரபரணி

இடையில் ஒரு கேள்வி. சேர்க்கத்தான் வேண்டுமா? அண்டை ஊர்களின் தரவையும் துணைக்கு எடுத்துக்கொண்டு, ஊராட்சி அளவிலேயே விகிதத்தைச் சீராக்கும் மாதிரிகள் இருக்கின்றன. பெசாக், யார்க், மோலியே ஆகியோரின் 1991ஆம் ஆண்டு மாதிரி நோய்ப்பரவல் வரைபடங்களில் இன்றும் அடிப்படை. எல்லைக் கோடு போடும் தொல்லையே வராது.

நெய்தல்

தாமிரபரணி அவர்களுக்கு: அதையும் செய்யப்போகிறேன். ஆனால் இந்த ஆய்வின் முடிவைப் பயன்படுத்தப்போகிறவர்கள் களப்பணியாளர்களை ஒதுக்குபவர்கள். அவர்களுக்கு "இந்த ஊர்கள் எல்லாம் உன் பொறுப்பு" என்று காட்டும்படி கோடு வேண்டும். சீராக்கிய வண்ணப்படத்தில் அந்தக் கோடு இல்லை.

எண்மதி சொன்னபடி மேக்ஸ்-பி ஓட்டத் தொடங்கினேன். மென்பொருள் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது: அண்டையே இல்லாத அலகுகள் இருக்கின்றன, வரைபடம் பல துண்டுகளாக இருக்கிறது என்கிறது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தனித்தீவாக நிற்பது புரிகிறது. ஆனால் நிலத்தின் நடுவில் இருக்கும் சில ஊராட்சிகளுக்கும் அண்டை இல்லை என்கிறதே, ஏன்?

வரைபடக்காரன்

இந்த இடத்தில் நிறையப் பேர் எரிச்சலுடன் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திக் கடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முறை எதுவானாலும் உங்கள் வட்டாரங்களின் தலையெழுத்து அண்டைப் பட்டியலில்தான் இருக்கிறது.

முதல் காரணம், ஷேப்ஃபைலின், அதாவது ஊர் எல்லைகள் அடங்கிய கோப்பின், தரம். கிராம எல்லைகளைத் தாள் வரைபடத்திலிருந்து தனித்தனியாக வரைந்திருப்பார்கள். இரண்டு ஊர்களின் பொது எல்லை இரண்டு முறை வரையப்பட்டு, நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும். கண்ணுக்கு ஒட்டியிருப்பதாகத் தெரியும். மென்பொருளுக்கு அவை தொடவில்லை. முனைகளை ஒட்டவைத்து எல்லையைச் சரிசெய்யுங்கள், அல்லது சில மீட்டர் இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும்படி அண்டைப் பட்டியலை உருவாக்குங்கள்.

இரண்டாவது காரணம், நகரங்கள். உங்களிடம் இருப்பவை ஊராட்சிகள் மட்டும். இராமநாதபுரம், பரமக்குடி போன்ற நகராட்சிகளும் பேரூராட்சிகளும் வரைபடத்தில் ஓட்டைகளாக நிற்கும். பரமக்குடிக்கு இரு பக்கமும் உள்ள ஊர்கள் அன்றாட வாழ்வில் அந்த நகரத்தின் வழியாகத்தான் இணைந்திருக்கின்றன. உங்கள் பட்டியலில் அவற்றுக்குத் தொடர்பே இருக்காது. நகரங்களையும் அலகுகளாகச் சேர்த்தே ஓட்டுங்கள்.

மூன்றாவது, தொடுதல் என்றால் என்ன என்ற முடிவு. சதுரங்கப் பெயர்களாலேயே இதைச் சொல்வார்கள்: யானை (ரூக்) வகையில் பொது எல்லைக்கோடு இருந்தால்தான் அண்டை, ராணி வகையில் ஒரு மூலைப் புள்ளி தொட்டாலும் அண்டை. ராணி வகையை எடுத்தால் ஒரே புள்ளியில் தொங்கும் வட்டாரங்கள் வரலாம். நான் எப்போதும் யானை வகையைத்தான் எடுக்கிறேன்.

பாம்பனைப் பொறுத்தவரை, தீவிலிருந்து மண்டபம் பக்கத்துக்கு ஒரு கோட்டைக் கையால் சேருங்கள். அந்த அண்டைமையை உண்டாக்கியது பாலம். 1914 முதல் ரயில் பாலம். சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டுத் தரவை வைத்து இதே ஆய்வைச் செய்தால், அவசரத்துக்கு வண்டி வைத்துக் கடக்க முடியாத அந்த இணைப்பை ஒரு கோடாகச் சேர்ப்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

யாழ்வாசி

பாலம் பற்றி வரைபடக்காரன் சொன்னதை யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் (கடலின் குறுக்கே மேடாக்கிப் போட்ட சாலைகளால்) யாழ்ப்பாணத்தோடு இணைந்தவை. நயினாதீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து படகு. நெடுந்தீவுக்கும் படகுதான், ஆனால் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. நான்கையும் "தீவுகள்" என்று ஒரே வகையில் போட்டுப் பட்டியல் தயாரித்தால், கர்ப்பிணி ஒருவர் மருத்துவமனைக்குப் போகும் வழி அந்தக் கணக்கில் இல்லாமல் போய்விடுகிறது.

குடாநாட்டுக்குத் தெற்கே பெருநிலத்தில் இருக்கும் பூநகரியும் அப்படித்தான். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கும்வரை குடாநாட்டுக்குத் தரைவழி என்றால் ஆனையிறவுதான். பாலத்துக்கு முந்தைய கிராம சேவகர் பிரிவுத் தரவையும் பிந்தையதையும் ஒரே அண்டைப் பட்டியலால் ஆராயக்கூடாது. நெய்தல் அவர்களே, படகு இணைப்புகளைச் சேர்ப்பீர்களானால் அவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள். அவை இருக்கும்போதும் இல்லாதபோதும் ஓட்டிப் பார்க்க வசதியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற களப்பணியாளர்

சுகாதாரத் துறையில் களத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வட்டாரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதிமுறை. கிராம சுகாதார செவிலியருக்கு எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார் என்பது தெரியும். எந்தக் கண்மாய்க்கரையைத் தாண்டி மழைக்காலத்தில் போக முடியாது என்பதும் தெரியும். கணினி போடும் கோடு இதையெல்லாம் அறியாது. ஒரு செவிலியரின் பகுதியைப் பாதியாக வெட்டி இரண்டு வட்டாரங்களில் போட்டால், உங்கள் அறிக்கையை யார் செயல்படுத்துவார்கள்? துணை நிலையங்களை அலகாக எடுங்கள், அவற்றை ஆரம்ப சுகாதார நிலையவாரியாகக் கூட்டுங்கள். வேலை முடிந்தது.

எண்மதி

ஐயா சொல்வதில் பாதி எனக்கு முழுச் சம்மதம்: அடிப்படை அலகாக ஊராட்சியை எடுப்பதைவிடத் துணை நிலையப் பகுதியை எடுப்பது மேல். செவிலியரின் பகுதி உடையாது. தரவு சேகரிக்கப்படுவதும் அதன் வழியாகத்தான்.

ஆனால் ஆரம்ப சுகாதார நிலையவாரியாகக் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அந்த எல்லைகள் சேவை வழங்குவதற்காகப் போடப்பட்டவை. பிறப்பு எடை எங்கே ஏன் மாறுகிறது என்ற கேள்விக்காகப் போடப்பட்டவை அல்ல. கோடு மாறினால் முடிவு எவ்வளவு மாறும் என்பதற்கு ஓப்பன்ஷாவும் டெய்லரும் 1979இல் காட்டிய கணக்கை நினைவூட்டுகிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 99 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்). குடியரசுக் கட்சி வாக்கு விகிதத்துக்கும் முதியோர் விகிதத்துக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் எண்) கவுண்டி அளவில் ஏறத்தாழ 0.35. அதே 99 கவுண்டிகளை வெவ்வேறு விதமாகச் சேர்த்தபோது, அந்தக் கெழு ஏறக்குறைய −1 முதல் +1 வரை எந்த மதிப்பையும் எடுத்தது. தரவில் ஓர் எண்கூட மாறவில்லை. இதை அறிந்தபிறகு, "ஏற்கெனவே இருக்கும் எல்லை" என்பதை நடுநிலையான எல்லை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே ஓப்பன்ஷாதான் 1977இல் தானியங்கி வலயமாக்கல் முறையையும் கொடுத்தவர். குத்துமதிப்பாக ஒரு பிரிப்பில் தொடங்கும். எல்லையோர அலகு ஒன்றைப் பக்கத்து வட்டாரத்துக்கு மாற்றிப் பார்க்கும். குறிக்கோள் மேம்பட்டு, அதை இழந்த வட்டாரம் துண்டாகாமல் இருந்தால் மாற்றத்தை வைத்துக்கொள்ளும். இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெளியீட்டுப் பகுதிகளை உருவாக்கியது இந்த மரபில் வந்த நிரல்தான். குறைந்தது 40 குடும்பங்களும் 100 பேரும் இருக்க வேண்டும், இலக்கு 125 குடும்பங்கள் என்று நிபந்தனைகள் வைத்து, அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளைச் செங்கற்களாகக் கொண்டு நாடு முழுவதற்கும் போட்டார்கள். கணினி போட்ட கோடு களத்தில் செல்லாது என்ற அச்சத்துக்கு அது ஒரு பதில்.

ஓய்வுபெற்ற களப்பணியாளர்

அங்கே அஞ்சல் குறியீட்டை உடைக்கவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். நானும் செவிலியர் பகுதியை உடைக்காதீர்கள் என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் எப்படிச் சேர்த்தாலும் எனக்கு மறுப்பில்லை. ஒன்று மட்டும்: மக்கள் எங்கே பிரசவத்துக்குப் போகிறார்கள் என்பதையும் பாருங்கள். தன்மையில் ஒத்திருக்கும் இரண்டு ஊர்கள் வெவ்வேறு திசையில் பஸ் ஏறுகின்றன என்றால் அவற்றைச் சேர்த்து என்ன பயன்?

வரைபடக்காரன்

ஐயா தொட்டிருப்பது தனியொரு மரபு. ஒற்றுமையை விட்டுவிட்டு, ஓட்டத்தை வைத்துச் சேர்ப்பது. பிரிட்டனில் வேலைக்குச் சென்றுவரும் வட்டாரங்களை அப்படித்தான் வரைகிறார்கள். பொதுவாக, ஒரு வட்டாரத்தில் வசிக்கும் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் அதற்குள்ளேயே வேலை செய்ய வேண்டும். அங்கே வேலை செய்பவர்களில் 75 விழுக்காட்டினர் அதற்குள்ளேயே வசிக்கவும் வேண்டும். 2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்டபோது 228 வட்டாரங்கள் வந்தன. எந்த ஊர்க்காரர் எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்க்கிறார் என்ற தரவு நெய்தலிடம் இருந்தால், இதே தர்க்கத்தை அப்படியே பயன்படுத்தலாம். நான் அதைத்தான் முதலில் தேடுவேன்.

மேற்குமலை

தொகுதி மறுவரையறையைத் தொடர்ந்து கவனித்துவருபவன் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

தொடர்ச்சியும் சம அளவும் மோதும்போது என்ன ஆகும் என்பதற்கு நீலகிரி மக்களவைத் தொகுதியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 39 மக்களவைத் தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள், ஆக 234. நீலகிரி மாவட்டத்திலோ உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என்று மூன்றுதான். மீதி மூன்றுக்கு மலையடிவாரத்து மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர். தேயிலைத் தோட்டமும் பின்னலாடை ஊர்களும் அணைக்கட்டுப் பாசனமும் ஒரே தொகுதியில். தொடர்ச்சி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, ஒற்றுமைதான் இல்லை. தொடர்ச்சியையே கைவிட்ட உதாரணம் புதுச்சேரி. புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்தில் ஏனாம். நான்குக்கும் சேர்த்து ஒரே மக்களவை உறுப்பினர். நெய்தலும் தன் மூன்று நிபந்தனைகளில் எது முதலில் வளையலாம், எது எந்த நிலையிலும் வளையக்கூடாது என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது.

இரண்டாவது, ஒரே ஒரு வரைபடத்தோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை வழிகளில் பிரிக்கலாம் என்பது நம் கற்பனையை மீறியது. 4×4 கட்டத்தை, நான்கு கட்டங்கள் கொண்ட நான்கு தொடர் துண்டுகளாகப் பிரிக்க 117 வழிகள். 7×7 கட்டத்தை ஏழு ஏழாகப் பிரிக்க 15,87,53,814 வழிகள். 9×9 என்றால் ஏழு கோடி கோடிக்கும் மேல். இதில் "மிகச் சிறந்தது" என்று எந்த மென்பொருள் காட்டினாலும், அது தான் தேடிய மூலையில் கண்டதைத்தான் காட்டுகிறது.

அமெரிக்காவில் தொகுதி எல்லை வழக்குகளுக்காக இதற்கொரு வழி கண்டிருக்கிறார்கள். டிஃபோர்ட், டுச்சின், சாலமன் மூவரின் ரீகாம் முறையில், ஒட்டியிருக்கும் இரண்டு வட்டாரங்களை ஒன்றாக்கி, அந்தப் பரப்பின் மேல் தற்செயலாக ஒரு மரம் வரைந்து, இரு பாதியும் சமமாக வரும் கோட்டில் வெட்டுகிறார்கள். இதையே ஆயிரக்கணக்கான முறை செய்தால் நிபந்தனைகளுக்கு உட்பட்ட வரைபடங்களின் பெருந்தொகுப்பு கிடைக்கும். 2018இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டுத் தொகுதி வரைபடத்தை ரத்து செய்த வழக்கிலும், கணினி வரைந்த மாற்று வரைபடங்கள் சாட்சியமாக முன்வைக்கப்பட்டன. உங்கள் முடிவு அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான பிரிப்புகளிலும் நிற்கிறதா என்று பாருங்கள்.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. துணை நிலையப் பகுதிகளை அலகாக மாற்றி, நகரங்களைச் சேர்த்து, பாம்பன் இணைப்பைக் கையால் சேர்த்து, யானை வகை அண்டைப் பட்டியலோடு மேக்ஸ்-பி ஓட்டினேன். கடற்கரை ஒரு நீண்ட பட்டையாகப் பிரிகிறது, உள்நாடு தனியாக நிற்கிறது. பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது. பிறப்பு எடை விகிதத்தையும் மற்ற மாறிகளோடு சேர்த்தே கொடுத்திருந்தேன். இப்போது வட்டாரங்களுக்கு இடையே அந்த விகிதம் வேறுபடுகிறதா என்று சோதித்தால், மிகத் தெளிவான வேறுபாடு வருகிறது. இதை வெளியிடலாம் அல்லவா?

எண்மதி

இப்போதைக்கு வேண்டாம். பிறப்பு எடையில் ஒத்த இடங்களை ஒன்றாகச் சேர் என்று கட்டளையிட்டுவிட்டு, சேர்த்த குழுக்களிடையே பிறப்பு எடை வேறுபடுகிறதா என்று கேட்டால், வேறுபடுகிறது என்றுதான் பதில் வரும். எல்லா இடத்திலும் உண்மையான விகிதம் ஒன்றேயாக இருந்து, வெறும் தற்செயல் ஏற்ற இறக்கத்தை மட்டும் இந்த முறைக்குக் கொடுத்தாலும் அதே பதில் வரும். நம்பிக்கை இல்லையென்றால், விகிதங்களை இடம் மாற்றிக் கலைத்துப்போட்டு, அதே நிரலை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பிறப்பு எடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கடலிலிருந்து தூரம், பாசன வகை, பெண் எழுத்தறிவு, மருத்துவமனைக்குச் செல்லும் நேரம் இவற்றை மட்டும் வைத்து வட்டாரங்களை வரையுங்கள். பிறகு அந்த வட்டாரங்களில் பிறப்பு எடையைச் சோதியுங்கள். அல்லது ஒரு பகுதி ஆண்டுகளின் தரவால் கோடு போட்டு, மீதி ஆண்டுகளின் தரவால் சோதியுங்கள். பிறப்பு எடையே வட்டாரத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்று நீங்கள் கருதினால் இந்த இரண்டாவது வழிதான் உங்களுக்கு.

நெய்தல்

முதல் வழியில் போகிறேன். கடற்கரைப் பட்டை அப்போதும் பிரிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். அண்டைப் பட்டியலையும் நிரலையும் இங்கேயே பதிவேற்றுகிறேன். பாம்பன் கோடு உள்ள பதிப்பு, இல்லாத பதிப்பு இரண்டும் இருக்கும். யாராவது ரீகாம் தொகுப்பை ஓட்டிப் பார்க்க முன்வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேற்குமலை

நான் ஓட்டுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: வட்டாரங்களுக்கு இடையே பிறப்பு எண்ணிக்கையில் எவ்வளவு ஏற்றத்தாழ்வை அனுமதிக்கலாம்? ஐந்து விழுக்காடு என்று இறுக்கினால் தீவுப் பக்கம் வெட்ட இடமே கிடைக்காமல் நிரல் சிக்கிக்கொள்ளும். இருபது வரை தளர்த்தலாமா?